முல்லாவைத் தேடி அஞ்சு நாள்

முதல் நாள் – மெல்போர்ன்

அப்பா ஊர்ல இருந்து வந்து மூணு வாரமாச்சு. பீச், பார்க், கோயில், தெரிஞ்சவங்க வீடு எல்லாம் முடிஞ்சது. இந்த வாரம் கிரேட் ஓஷன் ரோடு போலாம்னு லீவு போட்டு வச்சிருந்தேன், கிளம்புறதுக்கு முன்னாடி அவர் கேட்ட ஒரே விஷயம் எம்சிஜி, அதான் மெல்போர்ன் கிரிக்கெட் கிரவுண்ட். "உள்ள போயி ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும் பாத்துக்க, அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்." அப்பா பாளையங்கோட்டையில முப்பது வருஷம் லீக் மேட்ச்சுக்கு ஸ்கோரரா உக்காந்தவர். ஆடினது கம்மி, எழுதினது ஜாஸ்தி. இப்பவும் பையில ஒரு பழைய ஸ்கோர் நோட்டும் ரெண்டு கலர் பேனாவும் இல்லாம வெளிய வர மாட்டார், பாஸ்போர்ட்டை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்.

கிரவுண்ட் டூர்ல புல் மேல கால் வைக்க விடல, பவுண்டரி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம், அவ்வளவுதான். லட்சம் பேர் உக்கார்ற இடம் காலியா கிடக்கு, அப்பா கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே பேசல. அப்புறம் நேரா கைடுகிட்ட போய், 2020 பாக்ஸிங் டே டெஸ்ட்ல அஷ்வின் ஸ்மித்தை டக்ல தூக்கினாரே, லெக் ஸ்லிப்ல புஜாரா பிடிச்சாரே, அது எந்த எண்டுல இருந்து போட்டதுன்னு கேட்டார், இங்கிலீஷும் திருநெல்வேலியும் கலந்து. அந்தம்மா சிரிச்சிட்டு, எண்டு ஞாபகம் இல்ல, ஆனா அந்த மேட்ச்ல இன்னொரு விஷயம் தெரியுமான்னு கேட்டாங்க. ரஹானே 112 அடிச்சு மேன் ஆஃப் த மேட்ச் வாங்கினார்ல, அவருக்கு ஒரு மெடல் போட்டாங்க, அந்த மெடலை முதன்முதலா வாங்கினதே அவர்தான், பேரு ஜானி முல்லா மெடல்.

முல்லான்னதும் எனக்கு சின்ன வயசுல படிச்ச கழுதைக் கதைதான் ஞாபகம் வந்துச்சு. இது அந்த முல்லா இல்ல மக்களே. இவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி, ஜர்ட்வட்ஜலி இனம், சொந்தப் பேரு உனாரிமின். பொறந்தது 1841ல, விக்டோரியாவோட மேற்குக் கோடியில முல்லான்னு ஒரு ஆட்டுப் பண்ணையில, அந்தப் பண்ணை பேரையே வெள்ளைக்காரங்க இவருக்கு வச்சிட்டாங்க. 1868ல இங்கிலாந்து போன முதல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் டீமோட ஸ்டார் இவர்தான். முதல் டெஸ்ட் மேட்ச் இதே கிரவுண்ட்ல 1877ல, பானர்மன் 165 அடிச்சு கைல அடிபட்டு ரிட்டையர் ஆனாரே, அதுக்கும் ஒன்பது வருஷம் முன்னாடி. அந்த டீம்ல ஆடினவங்க பதிமூணு பேரும் பூர்வகுடிங்க, கேப்டன் மட்டும் இங்கிலாந்துக்காரர்.

இதைக் கேட்டதும் அப்பா முகம் போன போக்கைப் பாக்கணும். முப்பது வருஷம் ஸ்கோர் எழுதினவருக்கு இந்தப் பேரு தெரியல. "அந்த மேட்ச்ச நான் காலைல அஞ்சு மணில இருந்து பாத்தேன்லா, மெடலு எப்ப குடுத்தான்?" ஜெயிச்ச ரன் அடிச்ச உடனே டிவியை அணைச்சிட்டு பால் வாங்கப் போயிட்டாராம். அது இப்ப பெரிய குறையாப் போச்சு.

வெளிய வந்தா டாம் வில்ஸ் சிலை. 1858ல ரெண்டு ஸ்கூலுக்கு நடுவுல நடந்த ஃபுட்பால் மேட்ச்சுக்கு அவர் அம்பயரா நிக்கிற மாதிரி வெண்கலத்துல செஞ்சு வச்சிருக்காங்க. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் உருவாகக் காரணமானவங்கள்ல இவர் ஒருத்தர், அந்தக் காலத்துல இங்க பெரிய கிரிக்கெட் வீரரும் இவர்தான். முல்லா டீமுக்கு கோச்சா இருந்ததும் இவரே. 1866 டிசம்பர் 26, பாக்ஸிங் டே அன்னைக்கு இதே எம்சிஜில அந்த பூர்வகுடி டீமை மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்போட ஆட இறக்கினார், ஆயிரக்கணக்குல கூட்டம். தோத்துட்டாங்க. ஆனா இப்ப பாக்ஸிங் டேல முல்லா பேர்ல மெடல் குடுக்கறதுக்கு ஒரு பொருத்தம் இருக்கு.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவா ஆரம்பிச்சார். "கடலு நம்ம ஊர்லயும் இருக்கு, உவரில பாத்த கடலுதான. அந்த முல்லா ஊரு எவ்வளவு தூரம்?" கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். கிரேட் ஓஷன் ரோடு கேன்சல்.

ரெண்டாம் நாள் – பாலரட், அராரட், மொய்ஸ்டன், ஹாமில்டன்

காலைல ஏழு மணிக்குக் கிளம்பியாச்சு. புளியோதரை ஒரு டப்பா, தயிர் சாதம் ஒரு டப்பா, ஃபிளாஸ்க்ல காபி. பாலரட் வரைக்கும் நல்ல ஹைவே, நான் நூறுல போனா அப்பா வலது காலால இல்லாத பிரேக்கை அமுக்கிட்டே வர்றார். பாலரட்டைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, தங்கம் தோண்டின ஊரு, எல்லாரும் எழுதியாச்சு, நாங்க டாய்லெட்டுக்கு மட்டும் நின்னோம்.

அராரட் தாண்டி மொய்ஸ்டன்னு ஒரு துளியூண்டு ஊரு. டாம் வில்ஸ் வளர்ந்த பகுதி இது. அவங்க அப்பா ஹொரேஷியோ வில்ஸ் இங்க ஆட்டுப் பண்ணை போட்டவர், அராரட்டுங்கிற பேரை வச்சதே அவர்தான், நோவாவோட கப்பல் வந்து தங்கின மலை ஞாபகத்துல. சின்னப் பையன் டாம் இங்க ஜப் வுரங் பிள்ளைங்களோட விளையாடி அவங்க பாஷையையும் கத்துக்கிட்டான். அப்புறம் இங்கிலாந்துல ரக்பி ஸ்கூல் படிப்பு, அங்க கிரிக்கெட் கேப்டன்.

இதுக்கப்புறம் வர்ற கதைதான் எனக்கு விளங்கவே இல்ல. 1861ல அந்தக் குடும்பம் குயின்ஸ்லாந்துல புதுப் பண்ணை போடப் போறாங்க, அக்டோபர் 17ஆம் தேதி பூர்வகுடிங்க முகாம்ல புகுந்து ஹொரேஷியோவோட சேத்து 19 பேரைக் கொன்னுட்டாங்க. டாம் அன்னைக்கு சாமான் வாங்க வெளிய போயிருந்ததால தப்பிச்சார். அதுக்குப் பழிவாங்கறோம்னு வெள்ளைக்காரங்க கொன்ன பூர்வகுடிங்க எத்தனையோ மடங்கு அதிகம். அப்பாவைப் பறிகொடுத்த அதே ஆளு அஞ்சு வருஷம் கழிச்சு, 1866 கடைசியில, இன்னொரு பூர்வகுடிக் கூட்டத்துக்கு கிரிக்கெட் சொல்லிக் குடுக்க வர்றார். ஏன்? காசுக்காகவா, மனசு சமாதானத்துக்கா, இல்ல ஆட்டம்னா போதும்கிற பைத்தியமா? கார்ல ஒரு மணி நேரம் இதைப் பேசினோம். "அவன் ஆட்டக்காரம்மா, ஆளு கெடச்சா ஆடிருவான்" அப்படின்னு அப்பா முடிச்சிட்டார். எனக்கு அது பத்தல. வில்ஸுக்குக் குடி முத்திப்போய் 1880ல தன்னையே குத்திக்கிட்டு செத்துப்போனார், அதையும் சேத்து யோசிச்சா இன்னும் குழப்பமா இருக்கு.

மொய்ஸ்டன்ல ஃபுட்பால் பொறந்த இடம் எங்க ஊருதான்னு ஒரு நினைவுக்கல் இருக்கு. அது உண்மையான்னு சண்டை இன்னும் ஓயல, நமக்கெதுக்கு.

அங்கிருந்து கிராம்பியன்ஸ் மலையை வலது பக்கம் வச்சுக்கிட்டே டன்கெல்ட் வரைக்கும் ஓட்டினது ரொம்ப அழகு. பூர்வகுடிங்க இந்த மலைக்கு காரிவேர்ட்னு சொல்லுவாங்க. திடீர்னு சமதரைல இருந்து எந்திரிச்சு நிக்குது, அப்பா உடனே "அம்பாசமுத்திரத்துல இருந்து பாக்குற மாதிரில்லா இருக்கு" அப்படின்னார். அவருக்கு எந்த மலையைப் பாத்தாலும் அம்பாசமுத்திரம்தான்.

ஹாமில்டன்ல மோட்டல். ஹீட்டர் வேலை செய்யல, ஏப்ரல் மாசத்துக்கே குளிர் எலும்பைத் தொடுது, அப்பா மங்கி கேப்போட படுத்துட்டார். எந்த மோட்டல்னு கேக்காதீங்க.

மூணாம் நாள் – கோல்ரெய்ன் வழியா ஹாரோ

ஹாமில்டன்ல பெட்ரோல் போடாம கிளம்பினது என் முட்டாள்தனம். வழியில போட்டுக்கலாம்னு நெனச்சேன், வழியில இருந்த ஒரு பங்க் அடைச்சிருந்தது, போன்ல சிக்னலும் இல்ல. மஞ்சப் புல்லு, பெரிய பெரிய ரெட் கம் மரங்க, ஆடு, மறுபடியும் ஆடு. முள்ளு சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் அப்பா ஏசியை அணைச்சார், ரேடியோவையும் அணைச்சார், ரேடியோவுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா பதில் இல்ல. எப்படியோ ஹாரோ வந்து சேந்துட்டோம்.

ஹாரோ ஒரு தெருவுல முடிஞ்சிடற ஊரு. கீழ க்ளெனெல்க் ஆறு, மேல வளைஞ்சு ஏர்ற ரோடு, பழைய ஹெர்மிடேஜ் ஹோட்டல், மரக்கட்டைய அடுக்கிக் கட்டின ஒரு பழைய ஜெயில். நடுவுல முல்லா பேர்ல ஒரு மியூசியம் மாதிரி சென்டர். ஊர்ல இருக்கறவங்க சில நூறு பேர்தான், ஆனா முல்லா பேரு தெரியாத ஆளு ஒருத்தர் கூட இல்ல. அப்பாவைப் பாத்ததுமே கடையில இருந்த தாத்தா, முல்லாவுக்கா வந்தீங்கன்னு கேட்டுட்டார்.

சென்டர்ல அப்பா ஸ்கோர் நோட்டை எடுத்து உக்காந்துட்டார். இனிமே சொல்றது எல்லாம் அவர் போட்ட கணக்கு. 1868 மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் அந்த டீம் இங்கிலாந்துல ஆடினது 47 மேட்ச். ஜெயிச்சது 14, தோத்தது 14, டிரா 19. அதுல முல்லா 45 மேட்ச் ஆடினார், ரன் 1698, விக்கெட் 245, ஒரு விக்கெட்டுக்குப் பத்து ரன்தான் குடுத்திருக்கார். தேவைப்பட்டா கீப்பிங் வேற. பேட்டிங் சராசரி 23 சில்லறை. நான் 23 தானான்னு இழுத்தேன், தப்பாப் போச்சு.

"ஏட்டி, இப்ப உள்ள பிட்சுன்னு நெனச்சியா? அப்ப ரோலர் ஒழுங்கா கெடையாது, கல்லும் மேடுமா கெடக்கும், ஒரு பந்து காலுக்கு அடில போவும், ஒண்ணு மூக்குக்கு வரும். ஒரு டீமே நூறு தாண்டுனா பெருசு. அதுல 23ன்னா இன்னைக்கு அம்பதுக்கு சமம் பாத்துக்க."

அடுத்து ஓவர். முல்லா அந்த டூர்ல போட்டது 1877 ஓவர், அதுல 831 மெய்டன், அதாவது ஒரு ரன் கூட குடுக்காத ஓவர். முதல் டெஸ்ட் நடந்த வருஷமும் 1877ங்கறதை அப்பா சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்கார், இப்படி ஒத்துமை கண்டுபிடிக்கறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. அப்ப இங்கிலாந்துல ஓவருக்கு நாலு பந்து. பேப்பர்ல பெருக்கிப் பாத்து 7508 பந்துன்னார், நம்ம ஆறு பந்து கணக்குல 1251 ஓவர் வரும். அஞ்சு மாசத்துல. இப்ப இருக்கிற ஃபாஸ்ட் பவுலருக்கு நாலு ஓவர் போட்டா ஒர்க் லோடுன்னு ரெஸ்ட் குடுக்கறாங்க, இது என் கமென்ட் இல்ல, அப்பா கமென்ட்.

லண்டன் லார்ட்ஸ் கிரவுண்ட்ல எம்சிசியோட ஆடின மேட்ச், ஜூன் 12, 13. இது மெல்போர்ன் கிளப் இல்ல, லண்டன் மெரில்போன் கிரிக்கெட் கிளப். எதிர் டீம்ல பிரபுக்கள்லாம் ஆடறாங்க. முல்லா முதல் இன்னிங்ஸ்ல 75 அடிச்சார், ரெண்டு இன்னிங்ஸ்லயும் சேத்து 8 விக்கெட். அப்படியும் 55 ரன்ல தோத்துட்டாங்க. ஜார்ஜ் டாரன்ட்னு இங்கிலாந்தோட பெரிய ஃபாஸ்ட் பவுலர் ஒரு லஞ்ச் இடைவேளையில இவருக்குப் பந்து போட்டுப் பாத்துட்டு, இவரை விட நல்ல பேட்ஸ்மேனுக்கு நான் போட்டதில்லைன்னு சொன்னதா பதிவு இருக்கு.

ஆனா ஆட்டம் முடிஞ்சா விடமாட்டாங்க. கூட்டத்துக்கு வேடிக்கை காட்டணும், பூமராங், ஈட்டி, ஓட்டம், தாண்டறது. ஆடின கையே வித்தையும் காட்டணும். டிக்-எ-டிக்குன்னு ஒருத்தர் கையில ஒல்லியா ஒரு கேடயமும் ஒரு கட்டையும் வச்சுக்கிட்டு நிப்பாராம், காசு குடுத்தவங்க கொஞ்ச தூரம் தள்ளி நின்னு கிரிக்கெட் பந்தை அவர் மேல எறியலாம். டூர் முழுக்க பெருசா ஒரு தடவை தான் அடி பட்டதுன்னு சொல்றாங்க. பேருங்களைப் பாருங்க, ட்வொபென்னி, டைகர், மொஸ்கிட்டோ, சன்டவுன். ரெண்டு காசு, புலி, கொசு, பொழுது சாஞ்ச நேரம். ஆளுக்கு ஒரு அழகான சொந்தப் பேரு இருக்கு, வாயில நுழையலன்னு இப்படி வச்சிட்டாங்க. அப்பா நோட்ல எல்லாப் பேரையும் தமிழ்ல எழுதிட்டிருந்தார், உனாரிமின், ஜெல்லனாக், பல்ரின், மத்ததை ஒவ்வொண்ணா எழுத்துக்கூட்டிப் பாத்து. "நம்ம பேர மட்டும் இவனுவ ஒழுங்கா சொல்லுதானுவளா" அப்படின்னு முணுமுணுத்தார். என் ஆபீஸ்ல என்னைக் கூப்பிடற பேரை நான் இங்க எழுதப் போறதில்ல.

கிங் கோல்னு ஒருத்தர், அவர் இங்கிலாந்து போயி ஆறு வாரத்துல, ஜூன் 24ஆம் தேதி லண்டன் ஆஸ்பத்திரியில செத்துட்டார். லார்ட்ஸ் மேட்ச் முடிஞ்சு பதினோரு நாள். அங்கயே புதைச்சாச்சு. இன்னும் ரெண்டு பேரை உடம்பு சரியில்லன்னு பாதியிலயே கப்பல் ஏத்தி அனுப்பினாங்க. மீதி இருக்கறவங்க ஆடிட்டே இருந்தாங்க.

சாயங்காலம் ஆத்தோரம் முல்லா பேர்ல இருக்கற கிரவுண்டுக்குப் போனோம். ஒரு நினைவுத் தூண் நிக்குது. ஹாமில்டன் ஊர்ப் பத்திரிகை அந்தக் காலத்துல முன்ன நின்னு காசு வசூல் பண்ணி வச்சதாம். ஒரு ஈ காக்கா இல்ல, அக்கரையில ஆடு கத்தற சத்தம் மட்டும்.

இங்கதான் அந்தக் கூத்து. முல்லாவோட ஒரு ஷாட்டைப் பத்தி அந்தக் காலத்துல பாத்தவங்க எழுதி வச்சிருக்காங்க. வேகமா எகிறி வர்ற பந்துக்கு ஒரு முட்டியைத் தரையில ஊனி, பேட்டைத் தோளுக்கு மேல தரைக்குப் படுக்க வச்ச மாதிரி பிடிப்பார், பந்து பேட்டுல லேசா தொட்டுட்டு கீப்பர் தலைக்கு மேல பறந்து பவுண்டரி. இலங்கை பேட்ஸ்மேன் தில்ஷான் கீப்பர் தலைக்கு மேல அடிப்பாரே, அந்த ஸ்கூப்தானேன்னேன். அப்பா ஒத்துக்கல, தில்ஷான் முன்ன இருந்து அள்ளுவான், இது பந்து வார வேகத்த அப்படியே திருப்பி விடுதது, வேற. எப்படின்னு காட்டுதேன்னு குடையை எடுத்தார். வலது முட்டியை ஊனி உக்காந்தார், குடையைத் தோள் மேல படுக்க வச்சார், தலையை லேசா உள்ள இழுத்தார், அறுபத்தெட்டு வயசுல பாக்க உண்மையிலேயே அழகா இருந்துச்சு, நான் போட்டோவும் எடுத்தேன். அப்புறம் எந்திரிக்க முடியல. முட்டி பிடிச்சுக்கிச்சு. நான் ஒரு கை, குடை ஒரு கைன்னு தூக்கி நிறுத்த அஞ்சு நிமிஷம். "கீப்பரு தலைக்கு மேல போயிட்டுல்லா" அப்படின்னு கேட்டுக்கிட்டே நொண்டி நொண்டி காருக்கு வந்தார்.

நாலாம் நாள் – கல்லறை, எடன்ஹோப்

காலைல சிமெட்ரிக்குப் போனோம். கேட்டுல செருப்பைக் கழட்டிட்டுத்தான் அப்பா உள்ள வந்தார், குளிர்ல காலு விறைச்சிருக்கும். முல்லா செத்தது 1891 ஆகஸ்ட் 14. பொறந்த தேதி ஆகஸ்ட் 13ன்னு ரெக்கார்ட்ல இருக்கு, அப்ப அம்பது வயசு முடிஞ்ச மறுநாள். பைன் ஹில்ஸ்னு ஒரு பண்ணையில, முயல் பிடிக்கிறதுக்காக அவர் போட்டிருந்த கூடாரத்துல, தனியா. அரசாங்கம் பூர்வகுடிங்களை அடைச்சு வச்ச குடியிருப்புக்கு அவர் போகவே மாட்டேன்னுட்டார், கல்யாணமும் இல்ல. பேட்டையும் ஸ்டம்பையும் குழியில கூடவே வச்சுப் புதைச்சாங்கன்னு சொல்றாங்க.

பூ வாங்காம வந்துட்டோமேன்னு அப்பாவுக்கு ஒரே வருத்தம், இந்த ஊர்ல பூக்கடைக்கு எங்க போறது. கொஞ்ச நேரம் நின்னார், கண்ணாடியைத் தொடச்சார், வந்துட்டோம்.

இங்கிலாந்துல இருந்து திரும்பினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த டீம் இங்கிலாந்துக்குக் கிளம்பினதே கள்ளத்தனமா. அதுக்கு முந்தின டூர்ல சிட்னி வரைக்கும் போனப்ப, கூட்டிட்டுப் போன ஆளு பணத்துல ஏமாத்தினதும் இல்லாம குடியும் நோயுமா குறைஞ்சது நாலு பிளேயர்ங்க செத்துட்டாங்க. அதனால பூர்வகுடி பாதுகாப்பு போர்டு இங்கிலாந்து டூர் வேண்டாம்னு எதிர்த்துச்சு. அப்படியும் சார்ல்ஸ் லாரன்ஸுங்கிற கேப்டன் எப்படியோ சிட்னிக்கு நகர்த்திக் கொண்டுபோய், 1868 பிப்ரவரி 8ஆம் தேதி பரமட்டாங்கற கப்பல்ல ஏத்திட்டார். போர்டு சொன்ன காரணத்துலயும் நியாயம் இருக்கு, கிங் கோல் விஷயத்துல பலிச்சும் போச்சு. ஆனா 1869ல விக்டோரியா சட்டமே போட்டுட்டாங்க. பூர்வகுடிங்க எங்க குடியிருக்கணும், என்ன வேலை பாக்கணும், எல்லாம் போர்டு முடிவு பண்ணும். பாதுகாப்புன்னு பேரு. அந்த டீம் மறுபடி ஒண்ணு சேந்து டூர் போறது அதோட முடிஞ்சது.

முல்லாவை மெல்போர்ன் கிரிக்கெட் கிளப் 1869-70 சீசனுக்கு சம்பளத்துக்கு எடுத்துச்சு, பெருசா நிலைக்கல, ஊருக்கே திரும்பிட்டார். ஆடு மயிர் வெட்டற வேலை, முயல் பிடிக்கிறது, சனிக்கிழமை ஹாரோ டீமுக்கு ஆட்டம். 1879ல ஒரே ஒரு தடவை விக்டோரியாவுக்குக் கூப்பிட்டாங்க, லார்ட் ஹாரிஸ் கொண்டு வந்த இங்கிலாந்து டீமுக்கு எதிரா, எம்சிஜில. வயசு 37. ரெண்டாவது இன்னிங்ஸ்ல டீம்ல அதிக ரன் அவர்தான், 36.

36ன்னு சொன்னதும் அப்பாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அடிலெய்டு. ரஹானே மெடல் வாங்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி நம்ம மொத்த டீமும் சேந்து அடிச்சது 36. அப்பா நோட்ல இதுக்கும் சிவப்பு வட்டம்.

அதுக்கப்புறம் விக்டோரியா கூப்பிடல. அவர் பாட்டுக்கு 1890 வரைக்கும் ஊர் டீமுக்கு ஆடினார்.

எடன்ஹோப் போற வழியில ஆப்ஸ்லி கதையை நான் போன்ல இருந்து வாசிச்சேன். ஆப்ஸ்லின்னு பக்கத்து ஊர்ல மேட்ச், இடைவேளையில டீம் எல்லாம் ஹோட்டல்ல சாப்பிட உக்கார்றாங்க, எதிர் டீம் கேப்டன் அந்தக் கறுப்பனுக்கு கிச்சன்ல போடுங்கன்னு கேவலமான ஒரு வார்த்தையச் சொல்லிட்டான். முல்லா டேபிளுக்கும் வரல, கிச்சனுக்கும் போகல. வெளிய வந்து உக்காந்துட்டார், சாப்பிடவே இல்ல. இன்னொரு தடவை வெளியூர்ல ராத்திரி தங்கறதுக்கு குதிரை லாயத்துப் பக்கம் ஒரு ரூமைக் காட்டியிருக்காங்க, அதுல படுக்காம வெட்டவெளில படுத்துட்டார். இதெல்லாம் அவர் சத்தம் போட்டதா, சண்டை போட்டதா ஒரு இடத்துலயும் இல்ல.

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவரா சொன்னார். அவர் ஸ்கோரரா இருந்த காலத்துல ஒரு மேட்ச், வெளியூரு, ஊர்ப் பேரு வேண்டாம். நம்ம பக்கத்து டீம்ல நல்லா பந்து போடற ஒரு பையன், அன்னைக்கு ஆறு விக்கெட். மத்தியானம் எல்லாருக்கும் இலை, அவனுக்கு மட்டும் பொட்டலம், வேப்ப மரத்தடியில. அவன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லியாம். "நான் அவன் ஆறு விக்கெட்ட அழகா எழுதினேன். இலையில உக்காந்து சாப்பிட்டேன். அவன ஏன்னு கேக்கல." எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. முப்பத்தஞ்சு வருஷத்துல இந்தக் கதைய நான் கேட்டதே இல்ல.

எடன்ஹோப்ல வாலஸ் ஏரி. இந்த ஏரிக்கரையிலதான் டீமுக்கு பிராக்டிஸ். வில்லியம் ஹேமன்னு இந்தப் பக்கத்து ஆளுதான் முதல்ல டீமைச் சேத்தது, அப்புறம் வில்ஸ் வந்தார். ஏரிக்குப் பக்கத்துல 1868 டீமுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு, 1951ல விக் ரிச்சர்ட்சன் வந்து திறந்து வச்சது, அதாங்க, இயன் சாப்பல், கிரெக் சாப்பலோட தாத்தா. சாயங்காலம் கருப்பா ஒரு ஜோடி காக்கட்டூ தலைக்கு மேல போச்சு, வால்ல மட்டும் சிவப்பு. இந்த ஏரியாவுல மட்டும் மிஞ்சியிருக்கற ரகமாம், பூலோக்கு மர விதையும் ஸ்ட்ரிங்கிபார்க் விதையும் இருந்தாத்தான் உயிர் வாழும்.

ராத்திரி பப்ல சிக்கன் பார்மா. எட்டு மணிக்கு கிச்சன் மூடிருவாங்க, ஏழே முக்காலுக்கு ஓடினோம். அப்பா பாதிக்கு மேல சாப்பிடல.

அஞ்சாம் நாள் – நாட்டிமக் வழியா வீடு

வந்த வழியில போகாம ஹார்ஷம் பக்கமா திரும்பினோம். நாட்டிமக் வர்றதுக்கு முன்னாடி சமதரையில அராபிலிஸ் பாறை தெரியும், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா "கழுகுமலை" அப்படின்னார். பரவால்ல, அம்பாசமுத்திரத்துல இருந்து முன்னேறிட்டார்.

இந்தப் பக்கத்துக் காட்டுலதான் 1864ல டஃப் குடும்பத்துப் பிள்ளைங்க மூணு பேரு வழி தவறிப் போனாங்க. ஒன்பது வயசு, ஏழு வயசு, கடைசி நாலு கூட ஆகல. ஏழு வயசுப் பொண்ணு ஜேன் ராத்திரில தன் கவுனை அவுத்துத் தம்பிக்குப் போத்தி விட்டா. ஊரே தேடியும் கிடைக்கல, கடைசியில மூணு பூர்வகுடி ட்ராக்கர்ங்களைக் கூப்பிட்டாங்க, அவங்க தடம் பாத்து ஒன்பதாவது நாள் உயிரோட கண்டுபிடிச்சிட்டாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தர் யாருன்னு நினைக்கிறீங்க, டிக்-எ-டிக். நாலு வருஷம் கழிச்சு லண்டன்ல காசு குடுத்துப் பந்து எறிஞ்சவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா.

ஹார்ஷம்ல இருந்து வீடு வரைக்கும் நேர் ரோடு, சொல்ல ஒண்ணுமில்ல. அப்பா தூங்கிட்டார், பிரேக் போடாம.

ஒன்பது மணிக்கு வீடு. ரசம் வச்சு சாப்பிட்டு முடிச்சதும் அப்பா என் லேப்டாப்பை எடுக்கச் சொன்னார். 2020, டிசம்பர் 29, எட்டு விக்கெட்ல ஜெயிச்ச அந்த மேட்ச். ஜெயிச்ச ஷாட்டைத் தள்ளு, அதப் பாத்தாச்சு, அதுக்கப்புறம் போடுன்னார். பரிசு குடுக்கற இடம் வந்துச்சு, ரஹானே கழுத்துல மெடல். அப்படியே நிறுத்தச் சொன்னார். அந்த மெடலோட வடிவம் 1868 டீம் இடுப்புல கட்டியிருந்த பெல்ட் பக்கிளைப் பாத்து செஞ்சதுன்னு சொன்னேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு ஸ்கிரீன் பக்கத்துல மூக்கை வச்சுப் பாத்தார். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா பவுலர் ஸ்காட் போலண்ட் அதே மெடலை வாங்கினதையும் போட்டேன், விக்டோரியா பூர்வகுடி வம்சம், தன்னோட முதல் டெஸ்ட்டுலயே நாலு ஓவர்ல ஏழு ரன் குடுத்து ஆறு விக்கெட்.

"ஆறு விக்கெட்டா" அப்படின்னு கேட்டுட்டு ஸ்கோர் நோட்டைத் தேடினார். கார்லயே விட்டுட்டு வந்திருக்கார். இந்தக் குளிர்ல நான்தான் இறங்கிப் போய் எடுத்துட்டு வந்தேன்.